மாப்பிள்ளைக்கு ஒரு சூட்

கடையில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அவனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மழையானாலும் வெயிலானாலும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரிதான் வேலைக்கு வருவான். கசங்காத கோட்டு, அளவாக முடிச்சிட்ட டை, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல ஷூ. புதிதாகச் சேருகிறவர்கள் அவனை முதலாளியின் மருமகன் என்று நினைத்து, அவன் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். விஷயம் தெரிந்த பிறகு, நின்றதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அவனுடைய மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு அவனை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. போன புதிதில் மாப்பிள்ளை என்று கூப்பிட வந்தவர்களுக்கு நாக்கு இடறியது. பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது, அவனுக்கும் பழகிவிட்டது. ஏன் போனாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான். "அடிச்சேனா, குடிச்சேனா, வேற பொண்ணைத் திரும்பிப் பார்த்தேனா? எனக்கே தெரியலைங்க."

வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கடையின் மேல்மாடி முழுக்க ஆண்களுக்கான சூட்டும் ஷூவும்தான். படியேறி வருகிறவரின் தலை தெரியும்போதே அவன் கண் தோளுக்குப் போய்விடும். இடது தோள் இறங்கியிருக்கிறதா, வயிறு பெல்ட்டுக்கு மேலா கீழா, நடையில் எந்தக் கால் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, அவர் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அவருக்கு என்ன எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருப்பான். "ஏதாவது ஒண்ணு காட்டுங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே, "ஏதாவதுன்னு ஒரு துணி எங்ககிட்ட இல்லை சார்" என்பான்.

பல் டாக்டர் வந்தது ஒரு மதிய வேளையில். மாடியில் வேறு ஆள் இல்லை. தொளதொளவென்று அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா கசிந்த கறை, காலில் ஆஸ்பத்திரிகளில் போடுகிற ரப்பர் செருப்பு. பெரிய உடம்பு. ஆனால் அந்த உடம்பு தன்னுடையதில்லை, யாரிடமோ இரவல் வாங்கியது என்பதுபோல் ஒடுக்கிக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். என்ன பார்க்கறீங்க?"

"சூட் ஒண்ணு வேணும்ங்க. கல்யாணத்துக்கு."

"யாருக்கு சார் கல்யாணம்?"

அவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார். "எனக்குத்தான்."

நாற்பத்தாறு வயதில் முதல் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன விருந்து. அவ்வளவுதான் என்றார். "இத்தனை நாள் வெள்ளைக் கோட்டுலயே காலத்தை ஓட்டிட்டேன். உள்ள என்ன போட்டிருக்கேன்னு யார் பார்க்கறாங்க? வாயைப் பொளந்துக்கிட்டு விளக்கைப் பார்க்கிறவங்களுக்கு என் சட்டையா தெரியப்போகுது?"

மாப்பிள்ளை மனம்விட்டுச் சிரித்தான். அவனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட ஆட்கள்தான் அவனுக்கு வேண்டும். சொன்னால் கேட்பார்கள்.

"பொண்ணு எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி நிறம் எடுக்கலாம். போட்டோ வெச்சிருக்கீங்களா சார்?"

இதை அவன் எல்லா மணமகன்களிடமும் கேட்பான். டாக்டர் வெட்கத்தோடு போனை நீட்டினார். "பல்வலின்னு வந்தாங்க. பல்லை எடுத்துட்டேன். ஆனா அவங்க வர்றதை நிறுத்தலை."

ஏதோ ஒரு நடைபாதையில், கையில் மடித்த வெள்ளைக் கோட்டோடு, ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தபோது, தன்னை விட்டுப் போனவளாக இருக்காது என்று ஒரு கணம் தோன்றியது. அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. கீழே காலைப் பார்த்தான். அகலப் பட்டை வைத்த, தட்டையான, சாம்பல் நிறச் செருப்பு. சந்தேகம் தீர்ந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை அவளுக்கு. குதிகால் வலி. அந்த மாதிரிச் செருப்பைத் தவிர வேறு எதுவும் சேராது என்பாள். அவன் வீட்டில் அந்தச் செருப்புக்காக நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

"நல்லா இருக்காங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். "கருநீலம் எடுக்கலாம் சார்." குரல் எப்படியோ சரியாகத்தான் வந்தது. டேப்பை எடுத்து அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தான். ஒரு முறைக்கு மேல் அளவெடுத்துப் பழக்கமே இல்லாதவன், அன்றைக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை எடுத்தான்.

பின்கட்டில் தையலக்கா மிஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கடையின் தையல், ஆல்டரேஷன் வேலை முழுவதும் அவள் கையில். அவன் கல்யாணத்துக்கு வந்து போனவள்.

"என்ன மாப்பிள்ளே, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

சொன்னான். அவள் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"இந்த ஆளை வேற யார்கிட்டயாவது விட்டுடு."

"ஏன்? நான் என்ன கெடுதல் பண்ணப்போறேன்?"

"கெடுதல் பண்ணினாக்கூட அவங்க தாங்கிக்குவாங்க" என்றாள் தையலக்கா. "நீ உன் வழக்கப்படி நல்லது பண்ணிடுவியேன்னுதான் பயமா இருக்கு."

அவன் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் அவன் நினைத்தது கெடுதல்தான். பளபளவென்று மின்னுகிற துணி, விரலை மூடுகிற கோட்டுக் கை, நடந்தால் கீச்சிடும் ஷூ. இவற்றை அந்த அப்பாவியின் தலையில் கட்டுவது ஒரு வேலையே இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் அந்த எண்ணம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. மோசமான சூட் ஒன்று தன் கையிலிருந்து வெளியே போவதை அவனால் கற்பனையில்கூடப் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த எண்ணம்தான் ஒட்டிக்கொண்டது. அவரை அப்படியே ஆளையே மாற்றிவிட வேண்டும். அவள் பார்த்து அசந்துபோக வேண்டும். யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்க வேண்டும். அவர், அந்தக் கடையில் மாப்பிள்ளைன்னு ஒருத்தர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவு போதும் என்று நினைத்தான்.

டாக்டர் அடுத்த தடவை வந்தபோது கோட்டு பாதி தைத்து, ஒட்டுத்தையலோடு தயாராக இருந்தது. மாப்பிள்ளை அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, ஊசியும் சாக்குக்கட்டியுமாகச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழ்ப் பட்டனைப் போடக் கூடாது. பேன்ட் ஷூவின் மேல் விழுந்து ஒரே ஒரு மடிப்பு மடங்க வேண்டும். சட்டைக் கை கோட்டுக் கைக்கு வெளியே விரல்கனம் தெரிய வேண்டும். டாக்டர் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஸ்டைல்னா விலை இல்லை சார். உங்களைப் பார்த்துட்டுப் போனவர் வீட்டுல போய்க் கண்ணை மூடினா நீங்க தெரியணும். அதுதான் ஸ்டைல். இத்தனை வருஷமா உங்களை யாராவது அப்படிப் பார்த்திருக்காங்களா?"

டாக்டர் யோசித்தார். "இல்லை" என்று அவர் சொன்ன விதம் மாப்பிள்ளைக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஷூவுக்கு அடர்சிவப்புத் தோலில் ஒன்றை எடுத்து வந்து, மண்டியிட்டு அவர் காலில் மாட்டி லேஸைக் கட்டினான். டாக்டர் எழுந்து நடந்து பார்த்தார். முதல் நடையில் பலகையைக் கட்டிக்கொண்டவர் மாதிரி நடந்தார். திரும்பி வரும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தானா இது?"

"நீங்கதான் சார். இவ்வளவு நாள் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க." அந்த நேரத்தில் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த பேச்சும் வந்தது. "விருந்துக்கு அவங்க என்ன போடப்போறாங்க?"

"தெரியலையே. நான் கேக்கலை."

"கேளுங்க சார். நீங்க இப்படி நிக்கும்போது பக்கத்துல அந்தத் தட்டைச் செருப்போட வந்து நின்னாங்கன்னா, எல்லார் கண்ணும் அங்கதான் போகும். பெரிசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். 'இதைப் போட்டுக்கிட்டா வரப்போறே?'ன்னு காலைப் பார்த்து ஒரு வார்த்தை. புரிஞ்சுக்குவாங்க."

டாக்டர் அதற்கும் தலையாட்டினார்.

கோட்டு முடிந்ததும் போட்டுப் பார்க்க வந்தபோது அவர் பழைய ஆளாக இல்லை. முடியைப் படிய வாரியிருந்தார். தானாகவே வாங்கிய புதுச் சட்டை. காலர் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா, கத்துக்கிட்டேன்" என்று பெருமையாகக் காட்டினார். "நேத்து எங்க கிளினிக் ரிசப்ஷன் பொண்ணைக்கூட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இப்படியா கசங்கலா வேலைக்கு வர்றதுன்னு. முகம் வாடிப்போச்சு. ஆனா சொல்லித்தானே ஆகணும்?"

அவருக்குப் பின்னால் படியில் இன்னொரு காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கணம் நின்று ஏறுகிற காலடி. மாப்பிள்ளைக்கு அது யாரென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, மறைக்கவில்லை. காலில் அதே தட்டைச் செருப்பு. அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"இவர்தான் நான் சொன்னேனே, மாப்பிள்ளை" என்றார் டாக்டர்.

"தெரியும். நீங்க போய்ப் போட்டுட்டு வாங்க. பார்க்கிறேன்" என்றாள்.

டாக்டர் சூட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். மாடியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"உட்காரு" என்றான்.

"வேண்டாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீதான்னு எனக்கு முந்தாநாளே தெரியும்."

"சொன்னாரா?"

"அவருக்கு என்ன தெரியும் சொல்றதுக்கு? ஒரு கடையில நல்ல மனுஷன் ஒருத்தர்னு மட்டும்தான் சொன்னார். நானும் விட்டுட்டேன். முந்தாநாள் வெளிய கிளம்பறப்ப என் காலைப் பார்த்து, 'இதைப் போட்டுக்கிட்டா வரப்போறே?'ன்னு கேட்டார். என்னை நீ வா போன்னு சொன்னதே இல்லை அந்த மனுஷன். அது அவர் பேச்சே இல்லை. அந்த இழுவை கூட உன்னோடது."

"நான் நல்லதுக்குத்தான்..."

"உங்க கடை விருந்து ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தான். முதலாளியே கூப்பிட்டுத் தோளைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டிய நாள்.

"குதிகால் வீங்கியிருக்குன்னு சொன்னேன். குதிகால் உயர்ந்த அந்தக் கறுப்பு ஷூவைத்தான் போடணும்னு நின்னே. போட்டேன். முடிஞ்சு வர்றப்ப என்னால ஓரடி வைக்க முடியலை. கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட வந்தேன். நீ என்ன பண்ணினே?"

அவன் மேஜையில் கிடந்த டேப்பைச் சுருட்டத் தொடங்கினான்.

"முன்னால போனே. என்கூட வர்ற ஆள்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு வேகவேகமா நடந்து போனே. தெருமுனையில ஒரு தடவை திரும்பிப் பார்த்தே. நான் வர்றேனான்னு பார்க்கலை. யாராவது பார்க்கறாங்களான்னு பார்த்தே."

அந்த நாளில் அவனுக்கு நினைவிருந்ததெல்லாம் கோட்டும் முதலாளியின் கையும்தான். அவள் சொல்லச் சொல்ல, அந்தத் தெரு, அதன் ஈரம், பின்னால் கேட்ட மெதுவான காலடி எல்லாம் எங்கிருந்தோ வந்து நின்றன.

கதவு திறந்தது.

டாக்டர் வெளியே வந்தார். கருநீல சூட் அவர் உடம்பில் வார்த்து ஊற்றியதுபோல் இருந்தது. நெஞ்சுப் பையில் வெள்ளைக் கைக்குட்டை. இடது கை பேன்ட் பையில். "எப்படி?" என்று மெல்லச் சுற்றி வந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க."

டாக்டர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக் கண்ணாடி பக்கம் திருப்பினார். அப்போதுதான் மாப்பிள்ளையும் பார்த்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்ததும் கருநீலம். ஒரே மெல்லிய காலர் மடிப்பு. ஒரே மாதிரி மடித்துச் செருகிய கைக்குட்டை. கீழே ஒரே அடர்சிவப்பு ஷூ, இரண்டு ஜோடி. அவனுடைய இடது கையும் பேன்ட் பையில்தான் இருந்தது. அந்த மனிதருக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துத் தேடியதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

"என்னங்க இது, அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம்!" என்று டாக்டர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"இவர்தான் என் வீட்டுக்காரரா இருந்தவர்" என்றாள் அவள்.

டாக்டரின் கை அவன் தோளிலிருந்து இறங்கியது. "உங்களுக்குத் தெரியுமா?"

"போட்டோவைப் பார்த்தப்பவே தெரியும் சார்."

"அப்ப அந்தச் செருப்பு விஷயம்..." என்று ஆரம்பித்தவர், அவள் பக்கம் திரும்பினார். கழுத்து வரை சிவந்துவிட்டது. "நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நான் கீழே இருக்கேன்" என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை இழுத்தார். புது லேஸ், அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. நாள் தவறாமல் வாய்க்குள் நுழைந்து நரம்பைத் தேடுகிற விரல்கள் அந்த முடிச்சிடம் தோற்றுப்போயின. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் மண்டியிட்டுக் கை நீட்டினான். அவர் காலை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

வெகு நேரம் போராடி அவிழ்த்தார். பிறகு அவனைப் பார்க்காமலே பேசினார். "உங்க மேல கோபப்படணும். முழுசா வரமாட்டேங்குது. அவங்களைப் பார்த்து அப்படிக் கேட்டப்ப எனக்கு உள்ளுக்குள்ள நல்லா இருந்துச்சுங்க. பெரிய ஆள் மாதிரி. அந்த ரிசப்ஷன் பொண்ணு முகம் வாடினப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பழைய உடுப்புக்கு மாறி, கோட்டைத் தெரிந்த மட்டும் மடித்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ஆனால் நடுவில் ஒரு ஆள் போகலாம் போல இடம் இருந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கருநீல சூட் பின்கட்டில் கொக்கியில் தொங்கியது. கல்யாணம் நடக்குமா, நின்றுவிட்டதா, எதுவும் தெரியவில்லை. கேட்கவும் அவனுக்கு முகமில்லை. சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் வர முயன்றான். வீட்டில் காலையில் அலமாரியைத் திறந்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றான். எதைத் தொட்டாலும் கண்ணாடியில் அந்த இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒரு நாள் டை இல்லாமல் வந்தான். முதலாளி பதறிப்போய், "உடம்புக்கு ஏதாவதா மாப்பிள்ளே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு விடுமுறை முடிந்து வந்தபோது கொக்கி காலியாக இருந்தது.

"வந்தாங்களா?"

தையலக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "வந்தாங்க. ரெண்டு பேரும். கோட்டை இடுப்புல தளர்த்திக் கொடுக்கச் சொன்னார். கோட்டுக் கையையும் கொஞ்சம் நீட்டினேன். சிவப்பு ஷூவைக் கொடுத்துட்டு, கறுப்புல அகலமா, சாதாரணமா ஒண்ணு எடுத்துக்கிட்டார். காலை நல்லா பரத்தி வெச்சுக்கணுமாம்."

"என்னைக் கேக்கலையா?"

"நீ இல்லாத நாளாப் பார்த்துத்தான் வந்தாங்க மாப்பிள்ளே."

அவன் துணி அடுக்கியிருந்த பலகையில் சாய்ந்துகொண்டான். தன் கையால் ஊசி குத்திக் குறித்த கோட்டைப் பிரித்துப்போட்டார்களே என்றுதான் முதலில் வலித்தது. அப்படி வலித்ததை நினைத்து அடுத்த நிமிஷமே கூசினான்.

"அவ எப்படி இருந்தா?"

"அதிகம் பேசலை. சிரிக்கவும் இல்லை. ஆனா அவர் போட்டுக் காட்டினப்போ தோள்ல ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டா." தையலக்கா மறுபடி மிஷினை மிதித்தாள். "நடக்கும்னுதான் நினைக்கிறேன்."

மாப்பிள்ளை மாடிக்கு வந்தான். படியில் ஒரு தலை தெரிந்தது. ஒல்லியான, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற வயதுள்ள ஆள். தோள் கூன். வலது கால் சாய்ந்த நடை. எல்லாம் கண்ணில் பட்டது. ஆனால் அவர் கடைசிப் படியில் கால் வைத்த பிறகும் அவனுக்குள் எந்த முடிவும் வரவில்லை.

"வாங்க சார். உங்களுக்கு என்ன மாதிரி பிடிக்கும்?"

வந்தவர் குழம்பினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். நீங்க பார்த்து என்ன கொடுத்தாலும் போட்டுக்கறேன்."

இத்தனை வருடமாக அவன் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த பேச்சு அது. அலமாரிகளைப் பார்த்தான். கருநீலம், சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று வரிசையாகத் தொங்கின. கை ஒன்றை நோக்கித் தானாகவே போனது. அது கருநீலம் என்று தெரிந்ததும் பாதியில் நின்றது.

"எனக்குத் தெரியலை சார்" என்றான்.

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை சாம்பலில் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டான். பழுப்பில் ஒன்று. கோடு போட்டதில் ஒன்று. பிறகு இன்னொன்று. மேஜை நிறைந்து, துணி விளிம்பில் வழிகிற வரைக்கும் பேசாமல் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். வந்தவர் சிரிப்பு அடங்கி, எதைத் தொடுவது என்று தெரியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.